படத்தைப் பார்த்து எழுதுவதா, குளத்தங்கரையில் நின்று எழுதுவதா?

நாலாம், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பறவை, விலங்குகளை வர்ணித்து எழுதக் கற்றுக்கொடுக்க, பெரும்பாலும் படத்தைத்தான் காட்டுகிறோம். வசதிதான். படம் அசையாது, மழை பெய்தாலும் கவலையில்லை, அலகின் நிறத்தையும் விரல்களின் நீளத்தையும் நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் வகுப்பு முழுக்க "கொக்கு அழகான பறவை, அதற்கு இரண்டு கால்கள் உண்டு" என்றே எழுதி நீட்டும்.

அதே பிள்ளைகளை ஒரு காலையில் தேரூர் குளத்துக்குக் கூட்டிப்போங்கள். (சுசீந்திரம் குளத்தோடு சேர்த்து 2022இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம், நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இருக்கிறது!) கரையோரம் மடையான் என்கிற குளத்துக் கொக்கு மண் நிறத்தில், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, இருப்பதே தெரியாமல் நிற்கும், பிள்ளைகள் கிட்டே போனதும் எழும்பிப் பறக்கும், அப்போது பார்த்தால் இறக்கை முழுக்க வெள்ளை. "அந்த வெள்ளை இவ்வளவு நேரம் எங்க இருந்துச்சு?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் வர்ணனை அங்கேயே தொடங்கிவிடும். ஒற்றைப் படத்தால் இது முடியாது. நீர்க்காகம் முங்கி எழுந்து, இறக்கையை விரித்து வெயிலில் காயவைப்பதும் அப்படித்தான்.

என் ஓட்டு குளத்துக்கே. ஆனால் கரையில் வைத்து முழுக் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள், பதுங்கியது, எட்டிப்பார்த்தது, கொத்தியது என்று வினைச்சொற்களை மட்டும் குறிக்கட்டும். அப்புறம் வகுப்பில் படத்தை வைத்து நிறம், அளவு எல்லாம் சேர்க்கலாம். குளம் தூரமா? சரி, பள்ளி வாசலில் மேயும் ஆடு போதும்.