வீட்டிலா, மருத்துவமனையிலா? அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் பிரசவத் தேர்வு

அமெரிக்காவில் 2023-இல் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு, கறுப்பினத் தாய்மாரின் மரண விகிதம் 50.3, வெள்ளையினத்தாரிடம் 14.5. பணமும் புகழும்கூடக் கவசமாவதில்லை. 2017-இல் சிசேரியனுக்கு மறுநாள் மூச்சுத் திணறிய கறுப்பின டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வலி மருந்தால் குழம்பிப் பேசுகிறார் என்று நினைத்தார் செவிலியர். கடைசியில் எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் ரத்தக்கட்டிகள் தெரிந்தன.

ஆனாலும் அறுவை அரங்கும் ரத்த வங்கியும் மருத்துவமனையில்தான் உண்டு. இரட்டைக் குழந்தை, தலை திரும்பாத குழந்தை, உயர் ரத்த அழுத்தம், முந்தைய சிசேரியன் என்றால் அங்கேதான் போக வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

வீட்டுக்கு வருபவரோ மாதக்கணக்கில் பழகிய மருத்துவச்சி. வலி வலுத்ததும் கால் மணிக்கொரு முறை கையடக்க டாப்ளரை வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிறார். தாய் நடக்கலாம், முழங்காலிடலாம், வெந்நீர்த் தொட்டியில் அமரலாம். சொல்வதைக் கேட்க ஆள் இருக்கிறது. அது தரும் தைரியம் பெரிது. இது புது மோகமும் அல்ல: அலபாமாவின் கறுப்பின மருத்துவச்சி மார்கரெட் சார்லஸ் ஸ்மித் 3,000-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் பார்த்தவர். 2020-இலிருந்து 2021-க்குள் கறுப்பினப் பெண்களின் வீட்டுப் பிரசவம் 21 சதவீதம் கூடியது.

வீட்டுப் பிரசவச் செலவைப் பல காப்பீடுகள் ஏற்பதில்லை என்பது பெரிய தடை.

சிக்கலற்ற கர்ப்பம், உரிமம் பெற்ற மருத்துவச்சி, அவசரத்துக்குப் பக்கத்திலேயே மருத்துவமனை: இம்மூன்றும் அமைந்தவருக்கு வீட்டையே நான் பரிந்துரைப்பேன்.