பிரிட்டானிக்: மருத்துவமனைக் கப்பலாக எப்படி?

படுக்கைக் கணக்கு மட்டும் போதுமென்றால் முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம்: 3,309. டைட்டானிக்கின் தங்கையான இந்த 48,158 டன் கப்பலில் டிக்கெட் வாங்கிய பயணி ஒருவர்கூட ஏறியதில்லை. முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிவர 1915 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கொண்டது, டிசம்பர் 23-லேயே முதல் பயணம்.

உள்ளே மாற்றியது கெட்டிக்காரத்தனம். மேல்தளப் பொது அறைகள் வார்டுகளாயின. ஆபத்து வந்தால் நோயாளியைப் படகுக்குத் தூக்கிச் செல்லும் தூரம் குறைவு. முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடமும் வரவேற்பறையும் ஆபரேஷன் அறைகள். அவை கப்பலின் நடுவில் இருப்பதால் அலையில் ஆட்டமும் குறைவு, கத்தி பிடிக்கிறவருக்கு அதுதான் வேண்டும்.

வெளியே, போர்க்கால மருத்துவமனைக் கப்பல்களுக்கான 1907 ஹேக் உடன்படிக்கைப்படி வெள்ளை உடம்பு, சுமார் ஒன்றரை மீட்டர் அகலப் பச்சைப் பட்டை, சிவப்புச் சிலுவைகள், இரவில் விளக்குகள். நீர்மூழ்கிக்காரன் பார்த்து விலகலாம். கண்ணிவெடிக்குக் கண் கிடையாதே.

குறை என்றால் முதலில் உருவம். இவ்வளவு பெரிது என்பதால் கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவிலுள்ள முட்ரோஸ் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும். காயம்பட்டவர்களைச் சின்ன மருத்துவக் கப்பல்கள் கொண்டுவந்து மாற்ற வேண்டும். எலும்பு முறிந்தவருக்கு ஸ்ட்ரெச்சரில் இன்னொரு குலுக்கல். போகும் வழியில் நேப்பிள்ஸில் நின்று கரியும் தண்ணீரும் ஏற்ற வேண்டும்.

பெரிய குறை, வட்ட ஜன்னல். டைட்டானிக்கின் பாடத்துக்குப் பிறகு, உயரமான தடுப்புச் சுவர்களால் பிரித்த அடித்தள அறைகளில் முன்பக்கம் 6-ல் நீர் புகுந்தாலும் மிதக்கும்படி கட்டியிருந்தார்கள். 1916 நவம்பர் 21 காலை 8.12-க்கு, கிரேக்கத்தின் கியா தீவருகே யு-73 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி போட்டிருந்த கண்ணிவெடி வலப்பக்க முகப்பில் வெடித்தது. ஒரு நீர்த்தடைக் கதவு சரியாக மூடவில்லை. வார்டுகளுக்குக் காற்று வரட்டும் என்று, உத்தரவை மீறி, கீழ்த்தள ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். கப்பல் சாயச் சாய அவை ஒவ்வொன்றாக நீர்மட்டத்துக்கு இறங்கின. தடுப்புச் சுவர் எவ்வளவு உயரமாக இருந்து என்ன, தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. 55 நிமிடத்தில் முழுகியது.

கரையேற்றிவிடலாம் என்று கேப்டன் எஞ்சினை ஓடவிட்டதும் சரியான முடிவுதான். ஆனால் அனுமதிக்குக் காத்திராமல் இறக்கிய இரண்டு படகுகளைச் சுழன்றுகொண்டிருந்த புரொப்பெல்லர் இழுத்துக்கொண்டது. 1,065 பேரில் இறந்த 30 பேரில் பெரும்பாலோர் அவற்றில் இருந்தவர்கள். காயம்பட்டவர்களை ஏற்றிவரப் போகும் வழி என்பதால் 3,309 படுக்கைகளும் அன்று காலி.