சாயாவும் செய்தித்தாளும்: மார்த்தாண்டம்–கருங்கல் சாலையில் ஒரு கடை

மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் போகும் சாலையில், பெயர்ப்பலகை இல்லாத ஓட்டுக் கூரைக் கடை அது. வாசலில் மட்டிப்பழக் குலையும் செவ்வாழைக் குலையும் தொங்கும். சாயா திடமாக இருக்கும், 12 ரூபாய். மழைநாளில் கருப்பட்டிக் காபி கேட்டு வாங்குங்கள். பழம்பொரிக்கு நன்றாகக் கனிந்த ஏத்தம்பழத்தைத்தான் எடுக்கிறார்கள், மாவு அதன் மேல் மெல்லிய தோல் போலத்தான் படிந்திருக்கும். பெண்கள் தனியாகப் போய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் பள்ளி ஆசிரியைகள் பலரும் அங்கே போகிறோம்.

ஆனால் கடையின் உண்மையான சொத்து சுவரோரப் பெஞ்சில் இருக்கிறது. தினத்தந்தி, தினமணி, இந்து தமிழ் திசை, மலையாள மனோரமா நான்கும் காலையிலேயே வந்துவிடும். உரிமையாளர் அண்ணன் பழைய தாள்களை எடைக்குப் போடுவதற்கு முன் வேண்டியதை வெட்டி, பொருள்வாரியாக நூல் கட்டிய கோப்புகளில் ஒட்டி வைக்கிறார். ரப்பர் விலைக்கு ஒன்று, கடலுக்குப் போனவர்களுக்கு ஒன்று, இஸ்ரேலுக்கு ஒன்று. வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்காக அங்கே போனவர்களின் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. என் தங்கையும் ஹைஃபாவில் ஒரு மூதாட்டியைக் கவனித்துக்கொள்கிறாள்.

அந்தக் கோப்பின் அருமை 2024 நவம்பரில் எனக்குத் தெரிந்தது. 5ஆம் தேதி இரவு, பிரதமர் நெதன்யாகு தன் பாதுகாப்பு அமைச்சர் யோவ் காலன்ட்டைப் பதவி நீக்கினார். 7ஆம் தேதி தாள்களின் முதல் பக்கம் முழுக்க டிரம்ப்பின் வெற்றி. "டீச்சர், உள்பக்கம் பாருங்கள்" என்று அண்ணன்தான் மடித்துக் கொடுத்தார். ஹைஃபாவுக்கு லெபனானிலிருந்து ராக்கெட்டுகள் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. சைரன் ஒலித்தால் தங்கை பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு மூதாட்டியோடு பாதுகாப்பு அறைக்கு ஓடுவாள். அந்தப் போரை நடத்தும் அமைச்சரை மாற்றுகிறார்கள் என்றால் எனக்கு அது வெளிநாட்டுச் செய்தி அல்ல.

அண்ணன் கோப்பைத் திறந்து 2023 மார்ச் துண்டை அதன் பக்கத்தில் வைத்தார். நீதிமன்றங்களின் அதிகாரத்தைக் குறைக்கும் நீதித்துறைச் சட்டத் திருத்தங்களை நிறுத்திவையுங்கள் என்று காலன்ட் வெளிப்படையாகச் சொன்னதற்காக, மறுநாளே, மார்ச் 26 அன்று, நெதன்யாகு அவரை நீக்குவதாக அறிவித்திருக்கிறார். அன்றிரவே டெல் அவிவ் நெடுஞ்சாலையை மக்கள் நிறைத்தார்கள். தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்க, பென் குரியன் விமான நிலையத்திலிருந்து விமானங்கள் கிளம்பவில்லை. திருத்தம் தள்ளிவைக்கப்பட்டது. ஏப்ரல் 10 அன்று, காலன்ட் பதவியில் தொடர்வார் என்று நெதன்யாகுவே அறிவித்தார். 2024இலும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் இந்த முறை முடிவு மாறவில்லை. வெளியுறவைப் பார்த்துவந்த இஸ்ரேல் காட்ஸ் என்பவர் பாதுகாப்புத் துறைக்கு வந்தார்.

நம்பிக்கை குலைந்துவிட்டது என்பது பிரதமர் சொன்ன காரணம். காலன்ட் சொன்னவை மூன்று. தீவிர மதப்பற்றுள்ள ஹரேதி யூதர்களையும் ராணுவத்தில் சேர்க்க வேண்டும், பணயக்கைதிகளை மீட்க உடன்பாடு காண வேண்டும், 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதல் பற்றி அரசு விசாரணை ஆணையம் அமைக்க வேண்டும். அண்ணன் முதலாவதன் கீழே சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தார். எனக்கும் அதுதான் முடிச்சாகத் தெரிகிறது. ஹரேதிகளுக்கு விலக்களிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்துவிட்டது. நீக்கப்படுவதற்கு முந்தைய நாள்தான் காலன்ட் மேலும் 7,000 அழைப்பாணைகளுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தார். கூட்டணியைத் தாங்கி நின்ற மதக் கட்சிகளோ விலக்கு கேட்டன. போர் நடுவே இப்படி ஓர் அமைச்சரை அனுப்பியது ஆட்சியைக் காப்பாற்றத்தான் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

எதிர்ப் பெஞ்சில் இருந்த முன்னாள் ராணுவக்கார மாமா ஒப்பவில்லை. தனக்குப் பொருந்தாத அமைச்சரை மாற்றும் உரிமை எந்தப் பிரதமருக்கும் உண்டு என்றார். 1962இல் சீனப் போரின் நடுவே கிருஷ்ண மேனன் விலக நேர்ந்ததை எடுத்துச் சொன்னார். அங்கே போரில் பட்ட அடி காரணம், இங்கே கூட்டணிக் கணக்கு காரணம் என்று நான் சொன்னேன். காலன்ட்டை நல்லவராக்கிவிடாதீர்கள் என்றும் மாமா சொன்னார். அது சரிதான். 2023 அக்டோபர் 9 அன்று காசாவுக்கு மின்சாரமும் உணவும் எரிபொருளும் கிடையாது என்று அறிவித்தவர் அவர். 2024 நவம்பர் 21 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் நெதன்யாகு, காலன்ட் இருவர் மீதும் பிடியாணை பிறப்பித்தது. அந்தத் துண்டும் இப்போது கோப்பில் இருக்கிறது.

இவ்வளவு பேசியும் யாரும் குரலை உயர்த்தவில்லை. அண்ணன் உயர்த்த விடவும் மாட்டார்.

குறைகளும் உண்டு. பெஞ்சு குறுகல், முதுகு சாய்க்க இடமில்லை. மாலையில் டிவி சத்தம் படிக்க விடாது. கார் நிறுத்த முடியாது, கழிப்பறையும் இல்லை. சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் முன்பே சொல்லிவிட வேண்டும். படிப்பதற்கென்றே போகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் போங்கள், கூட்டம் கலைந்திருக்கும். கோப்புகளை வீட்டுக்குத் தரமாட்டார். போனில் படம் எடுத்துக்கொள்ள விடுவார். நான் எடுத்த படங்களைத் தங்கைக்கு அனுப்பினேன், அவள் இருக்கும் ஊரின் அரசியலைத் தமிழில் படிக்கட்டும் என்று.