கிளவுட் டேட்டாபேஸ் சேவை: ஓராண்டு பயன்படுத்திய அனுபவம்

பேக்கப், சின்னச் சின்ன பேட்ச் எல்லாம் குறித்த நேரத்தில் தானாக நடந்துவிடுகிறது, அதில் குறையே இல்லை. ஆனால் எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து 16-க்கு மாறிய இரவு எங்களுக்குத் தூக்கமே இல்லை. அப்டேட் முடிந்தது என்று திரையில் பச்சையாகக் காட்டியது, கொஞ்ச நேரத்தில் சிபியு 100 சதவீதத்தைத் தொட்டது, அரை நொடியில் முடிந்த குவெரிகள் (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளைகள்) நிமிடக்கணக்கில் இழுத்தன, சப்போர்ட்டில் கேட்டால் பெரிய சர்வருக்கு மாறுங்கள் என்கிறார்கள்! குவெரி எந்த வழியில் ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது, தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸை விட்டுவிட்டு டேபிள் முழுவதையும் படித்துக்கொண்டிருந்தது. போஸ்ட்கிரெஸ் 18-க்கு முந்தைய பதிப்புகளில், பதிப்பை மாற்றும் கருவியான பிஜி_அப்கிரேட், எந்த வழியில் தேடுவது என்று முடிவு செய்யும் பிளானருக்கான புள்ளிவிவரங்களைக் கொண்டுவராது, அவற்றைப் புதிதாகச் சேகரிக்க நாம்தான் அனலைஸ் கட்டளையை ஓட்ட வேண்டும். ஓட்டினோம், சரியாகிவிட்டது. இந்த ஒரு வரியை அப்டேட் திரையிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

அப்புறம், அடியிலுள்ள ஓஎஸ் மாறும்போது ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) பதிப்பையும் பாருங்கள். 2.28-இல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறை மாறியது, அதைத் தாண்டிப் போனால் டெக்ஸ்ட் இன்டெக்ஸ்களை ரீஇன்டெக்ஸ் செய்யாமல், அதாவது புதிதாகக் கட்டாமல், விடக்கூடாது. அதைப் பற்றியும் இவர்கள் மூச்சு விடுவதில்லை.

விரும்பிய நேரத்துக்கு ரீஸ்டோர் செய்யும் வசதி மட்டும் அருமை. அதில் ஒரு நகல் எடுத்து, அப்டேட்டை முதலில் அங்கே ஓட்டிப் பாருங்கள்.