காரின் ஈரம் துடைக்க மைக்ரோஃபைபர் துண்டு: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

சென்னையின் தென்புறநகரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கார் கழுவுகிறவர்களுக்குக் கழுவுவதைவிட ஈரத்தை எடுப்பதுதான் கடினமான வேலை. குழாய் வாயிலும் பக்கெட் விளிம்பிலும் வெள்ளையாகப் படிகிற அதே கால்சியம், மக்னீசிய உப்புகள்தான், பானட்டின்மேல் நிற்கும் துளி வெயிலில் காயும்போது வட்டக் கறையாக அங்கே தங்கிவிடுகின்றன. குடிநீரில் இந்த உப்புகளால் வரும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500. சோப்பு நுரைக்கவே தயங்கும் எங்கள் பகுதித் தண்ணீரில், கறுப்பு நிறக் காரைக் கழுவிவிட்டுத் தானாகக் காயட்டும் என்று விடவே முடியாது. ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியேறும் நீரைச் சேமித்துக் கார் கழுவுவது நல்ல பழக்கம்தான் என்றாலும், அதில் உப்பு இன்னும் அடர்ந்திருப்பதால் கடைசி அலசலுக்கு அது உகந்ததன்று.

பருத்தித் துண்டும் மஞ்சள் துணியும் செய்யாத எதை மைக்ரோஃபைபர் செய்கிறது என்பது அதன் இழையில் இருக்கிறது. 9,000 மீட்டர் நீள இழையின் எடை ஒரு கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு டெனியருக்குக் கீழே இருந்தால்தான் அது மைக்ரோஃபைபர். பாலியெஸ்டரையும், நைலான் வகையான பாலியமைடையும் சேர்த்து நூற்று, பிறகு அந்த இழையை நீளவாக்கில் பல கீற்றுகளாகப் பிளக்கிறார்கள். பாலியெஸ்டர் தன்னுள்ளே ஏறத்தாழ ஈரமே ஏற்காது. பிளந்த கீற்றுகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய சந்துகளில்தான் தண்ணீர் ஏறி நிற்கிறது. இழை சரியாகப் பிளக்கப்படாத மலிவுத் துண்டு தண்ணீரை இழுக்காமல் முன்னால் தள்ளிக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான். வாங்கும்போது சற்றுச் சொரசொரப்பான உள்ளங்கையால் தடவிப் பார்த்தால், நன்கு பிளந்த இழை தோலைப் பற்றிக்கொள்வது தெரியும்.

கடைகளில் முதலில் கண்ணில் படுவது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. அந்த எண் பெரிதாக இருந்தால் துண்டும் சிறந்தது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. 60-க்கு 90 சென்டிமீட்டர் அளவில் 1,000 ஜிஎஸ்எம் துண்டு உலர்ந்த நிலையிலேயே அரைக் கிலோவைத் தாண்டும். நனைந்தபின் அதைத் தூக்கிக் கூரையைத் துடைப்பதும் கையால் பிழிவதும் தோளுக்குப் பெரும் வேலை. கட்டம் கட்டமாக நெய்த வாஃபிள் வகை இலகுவானது, பிழிவதற்கும் எளிது, கண்ணாடிகளுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் ஒரே இழுப்பில் பானட் முழுவதையும் உலர்த்தும் வலு, முறுக்கிய வளையங்களால் ஆன ட்விஸ்டட் லூப் வகைக்குத்தான் இருக்கிறது. நான் நிலைத்திருப்பது, பாலியெஸ்டர் 70, பாலியமைடு 30 என்ற விகிதத்தில் அமைந்த, 600 ஜிஎஸ்எம் அளவிலான ட்விஸ்டட் லூப் துண்டு ஒன்றும், கதவிடுக்குகளுக்கும் கண்ணாடிக்கும் சிறிய வாஃபிள் துண்டுகளும். ஓரம் கெட்டியான நைலான் நூலால் தைக்கப்பட்டிருந்தால் வாங்க வேண்டாம். மென்மையான பட்டி வைத்ததோ, தையலே இல்லாமல் வெட்டியதோ போதும். விவரச்சீட்டு தைத்திருந்தால் முதல் நாளே கவனமாக நீக்கிவிட வேண்டும்.

துண்டைத் தேய்த்துப் பயன்படுத்தக் கூடாது. பெயின்டின் மேலுள்ள நிறமற்ற பாதுகாப்புப் பூச்சான கிளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான் தடிமனே கொண்டது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வெயிலில் சிலந்தி வலைபோலத் தெரியும் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுபவை. கடைசியாகக் குழாயின் முனைக்கருவியைக் கழற்றிவிட்டுக் கூரையிலிருந்து தண்ணீரை மெதுவாக ஓடவிட்டால், பெரும்பகுதி தானே ஒரே படலமாக வழிந்துவிடும். பிறகு துண்டை விரித்துப் பரப்பின்மேல் படுக்கவைத்து, இரு முனைகளைப் பிடித்து நம் பக்கமாக இழுத்தாலே போதும். கையால் அழுத்த வேண்டியதில்லை. கதவுகளின் அடிப்பகுதிக்கும் சக்கரங்களுக்கும் இந்தத் துண்டு போகவே கூடாது, அவற்றுக்குப் பழைய துண்டுகள் தனியாக வேண்டும். அடுக்ககங்களில் அதிகாலையில் கார் துடைக்கும் தொழிலாளர்கள் பலருக்கு எல்லாக் கார்களுக்குமாக ஒரே துணிதான் கிடைக்கிறது. கார் உரிமையாளர்கள் ஆளுக்கு இரண்டு துண்டு வாங்கிக் கொடுத்தால் அவர்களுடைய வேலையும் எளிதாகும், பெயின்டும் தப்பும்.

துண்டின் ஆயுளை விலையைவிடத் துவைக்கும் முறைதான் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. புதிய துண்டைக் காரில் வைப்பதற்கு முன்பே ஒருமுறை அலசினால் உதிரி இழையும் மிகைச் சாயமும் போய்விடும். துணி மென்மையாக்கும் கம்ஃபர்ட் போன்ற திரவங்கள் இழைமேல் படலமாகப் படிந்து சந்துகளை அடைத்துவிடுவதால், துண்டு தொடுவதற்கு இதமாகவும் துடைப்பதற்குப் பயனற்றதாகவும் மாறும். பிளீச்சும் கொதிக்கும் நீரும் இழையையே கெடுக்கும். பருத்தித் துணிகளுடன் சேர்த்துப் போட்டால் அவற்றின் பிசிறை இந்த இழை பற்றிக்கொள்ளும். மெழுகு துடைத்த துண்டுகளைத் தனியாகவே துவைக்க வேண்டும். திரவச் சோப்பும் 40 டிகிரிக்கு மேற்படாத நீரும் தாராளம். பவுடர் கரையாமல் தங்கினால் அதுவும் உரசும்.

எங்கள் கடின நீருக்கு இன்னொரு படி தேவைப்படுகிறது. சில மாதங்களில் துண்டு முரடாகி விறைத்துப்போவது தேய்மானத்தால் மட்டுமன்று, துவைக்கிற தண்ணீரின் உப்பு அதிலேயே படிவதாலும்தான். ஒரு பக்கெட் நீரில் அரைக் கோப்பை வெள்ளை வினிகர் கலந்து சற்று ஊறவைத்து, நன்றாக அலசினால் அந்தச் சுண்ணப் படிவு கரைந்து வளையங்கள் மீண்டும் நிமிர்கின்றன. உலர்த்துவது நிழலில்தான், கடும் வெயில் பாலியமைடை நாளடைவில் பலவீனமாக்கும், மொட்டைமாடிக் கொடியில் தூசும் காய்ந்த இலைத்துணுக்கும் வளையங்களில் சிக்கும். உலர்ந்ததும் மூடியுள்ள டப்பாவில் வைக்கிறேன், காரின் டிக்கியில் திறந்தபடி போடுவதில்லை. துடைக்கும்போது கீழே விழுந்த துண்டு எவ்வளவு உதறினாலும் அன்றைக்கு மீண்டும் பெயின்டைத் தொடக் கூடாது.

வினிகரில் ஊறிய பிறகும் தண்ணீரை இழுக்காமல் கோடு விடுகிற துண்டு, முதலில் கதவிடுக்குகளுக்கும், பிறகு சக்கரங்களுக்கும், கடைசியில் என்ஜின் பகுதிக்கும் போகிறது. ஒவ்வொரு படிக்கும் அதன் மூலையில் அழியாத மையால் ஒரு கோடு போட்டுவைப்பதால், வீட்டில் யார் எடுத்தாலும் சக்கரத் துண்டு பானட்டுக்கு வருவதில்லை.