தயிர் தோய்வதும் ரத்தம் உறைவதும்: விபத்துக் காயத்துக்கு எந்தப் பரிசோதனை?

சேலம்–கொச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் பதினோரு ஆண்டுகளாக இரவு வேலை பார்க்கிறேன். செங்கப்பள்ளிப் பக்கம் லாரியில் பைக் மோதினால், சற்று நேரத்தில் நீல மூடி போட்ட குழாய் ஒன்று என் மேசைக்கு வந்துவிடும். அடுத்த ஐந்தாவது நிமிடம் தொலைபேசி அடிக்கும்: "ஐஎன்ஆர் வந்துவிட்டதுங்களா?" ரத்தம் உறையத் தாமதமானால் கூடும் எண் அது. வந்திருக்காது. ரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதியைப் பிரிக்கவே பத்து, பதினைந்து நிமிடம் வேண்டும். குழாய் கைமாறும் நேரத்தையும் சேர்த்தால் முக்கால் மணி ஆகிவிடுகிறது. அதற்குள் இரண்டு யூனிட் ரத்தம் ஏறியிருக்கும். நான் சொல்லும் எண் அப்போது உடம்பில் ஓடும் ரத்தத்தின் எண்ணே அல்ல.

தாமதத்தைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுகிறோம். பால் தோயத் தொடங்கிய நொடியைக் குறித்துக்கொள்வதுதான் பிடி (புரோத்ராம்பின் டைம்) பரிசோதனை. 1935-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்மண்ட் குயிக் அறிமுகப்படுத்தியது. காலையில் கரண்டி போட்டால் தயிர் கட்டியாக நிற்குமா, நீர் விட்டுப் பிரிந்துவிடுமா என்பதைப் பற்றி அது வாயே திறக்காது. உறைவின் போது உருவாகவேண்டிய, ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினில் ஏறக்குறைய 5 சதவீதம் உண்டாவதற்குள் பரிசோதனை முடிந்துவிடுகிறது. உறைவுக்கு உதவும் தட்டணுக்கள் நீக்கிய பிளாஸ்மாவில் செய்வதால் அவற்றின் பங்கும் தெரியாது. பிடி முடிவை ஐஎன்ஆர் ஆக மாற்றி எழுதும் முறையை 1980-களில் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்ததே, ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களின் பரிசோதனை அளவு எந்த ஊரில் பார்த்தாலும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான். காயம்பட்டவரிடம் அதைக் கேட்பது, தங்கத்துக்கு வைத்திருக்கும் தராசில் பருத்தி மூட்டையை நிறுப்பதுபோல.

நீலக் குழாயில் ஒரு பொறியும் இருக்கிறது. உள்ளே இருக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட்டின் அளவு மாறாது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு என்ற கணக்கில், கோடுவரை நிரம்பினால்தான் முடிவு சரியாக வரும். ரத்தம் வடிந்து நரம்பு ஒட்டிப்போனவரிடம் கோடுவரை எடுப்பது லேசல்ல. ஒருமுறை அரைக்குழாய்தான் வந்தது. அவசரத்தில் ஓட்டிவிட்டேன்; 2.4 என்றது. மறுபடி எடுத்து ஓட்டியபோது 1.3. நடுவில் நான்கு பை பிளாஸ்மாவை உருக்கி முடித்திருந்தார்கள். அன்றிலிருந்து கோட்டைப் பார்க்காமல் எந்தக் குழாயையும் வாங்குவதில்லை. செவிலியர்களுக்கு என்மேல் கோபம்தான்.

செலவே இல்லாத முறை ஒன்றும் எங்களிடம் இருக்கிறது, 20 நிமிடக் குழாய்ச் சோதனை. மஞ்சள் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் கண்ணாடி விரியன் கடித்து வருகிறவர்களுக்கு இன்றும் அதைத்தான் செய்கிறோம். உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம். இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்கவேண்டும். விரியன் விஷம், உறைவுக்கு வலைபோல நிற்கும் புரதமான ஃபைப்ரினோஜனை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிடுவதால் ரத்தம் தண்ணீராக ஓடும். பாம்புக்கடியில் பழகிய கை விபத்துக் காயத்துக்கும் இதையே செய்யத் தூண்டுகிறது. செய்யக்கூடாது. காயத்தில் ஃபைப்ரினோஜன் அடியோடு போவதில்லை, பாதியாகக் குறைகிறது. குழாயில் ரத்தம் உறையத்தான் செய்யும், ஆனால் தொட்டால் கலையும் உறைகட்டியாக. "உறைந்துவிட்டது" என்று எழுதிவிட்டால் ஏமாந்துபோவோம்.

அடுத்து, எல்லாரும் கேட்கும் இயந்திரங்கள்: டெக், ரோட்டெம். இரண்டுக்கும் மூலம் 1948-இல் ஜெர்மனியில் ஹெல்முட் ஹார்ட்டெர்ட் வடிவமைத்த முறைதான். கிண்ணத்தில் முழு ரத்தம், நடுவில் ஓர் ஊசி. ஒன்று இப்படியும் அப்படியும் மெதுவாகத் திரும்பும்; உறைவு இறுக இறுக மற்றதும் அதோடு இழுபடும். அதைத் திரையில் வரைபடமாகப் பார்க்கலாம். ஒற்றைக் கோடு இரண்டாகப் பிரிந்து அகலும். அகலம்தான் உறைவின் வலிமை. உருவான உறைவு கரையத் தொடங்கினால் மறுமுனையும் குறுகி, கைத்தறி நாடாவைப்போல் இருபுறமும் கூராகிவிடும். தயிர் நீர் விடுவதைக் கண்ணால் பார்க்கிறோம். ரோட்டெமில் உறைவு தொடங்கிய ஐந்தாவது நிமிட அகலத்தை வைத்தே முடிவெடுக்கத் தொடங்கலாம். கரைதலைப் பார்க்க அரை மணிக்குமேல் காத்திருக்கவேண்டும் என்பதை விற்பனைக்கு வருகிறவர்கள் மெல்லத்தான் சொல்வார்கள். தட்டணுக்களை மந்தமாக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவரை வழக்கமான பரிசோதனையில் இது கண்டுகொள்ளாது என்பதையும்தான்.

இயந்திரம் உயிரைக் காக்கிறதா? அமெரிக்காவின் டென்வரில் 111 பேரை வைத்துச் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான பரிசோதனைகளை நம்பிய குழுவில் சுமார் 36 சதவீதம் பேர் இறந்தார்கள். டெக் வழிகாட்டிய குழுவில் சுமார் 20 சதவீதம். ஐரோப்பாவில் 396 பேரை வைத்துச் செய்த ஐடாக்டிக் ஆய்வு 2021-இல் வந்தது. ஒட்டுமொத்தமாகப் பெரிய வேறுபாடு இல்லை. அங்கே இரு குழுவினருக்கும் ரத்தமும் பிளாஸ்மாவும் ஆரம்பத்திலிருந்தே முறையாகப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அந்த முடிவு வியப்பளிக்கவில்லை.

எல்லா இயந்திரமும் வழக்கமாக ரத்தத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் பார்க்கும். மேலே வார்டில் குளிரில் நடுங்கிக் கிடப்பவருடைய ரத்தம் அந்தக் குளிரால் உறையாமல் இருப்பதை இவற்றில் எதுவும் காட்டாது. போர்வை போர்த்தச் சொல்லும் பரிசோதனை இன்னும் வரவில்லை.

என்னைக் கேட்டால், நம் பக்கத்து நடுத்தர மருத்துவமனை முதலில் சேர்க்கவேண்டியது ஃபைப்ரினோஜன் அளவு. கிளவுஸ் முறை, 1957-இலிருந்து இருக்கிறது. அதே நீலக் குழாய், அதே பிளாஸ்மா, ஐஎன்ஆர் பார்க்கும் அதே கருவி. கூடுதலாக ஒரு வினைபொருள் மட்டும். இயல்பு டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம். ரத்தம் வடிகிறவருக்கு 150-க்குக் கீழே இறங்கினால் ஈடுசெய்யவேண்டும். அதிக ரத்தம் இழக்கும்போது முதலில் ஆபத்தான அளவுக்கு இறங்குவது பெரும்பாலும் இதுதான். உறைவு கரையாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்துக்கோ எந்தப் பரிசோதனைக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. 20,000 பேருக்கு மேல் பங்கேற்ற 2010-ஆம் ஆண்டு கிராஷ்-2 ஆய்வுக்குப் பிறகு அது காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் போடவேண்டிய ஊசி. கோவையைப்போல நாள்தோறும் பெருங்காயங்கள் வந்து குவியும் இடங்களுக்கு ரோட்டெம் நியாயம்.

எங்களுக்கு? பத்தாவது நிமிடத்தில் ஃபைப்ரினோஜன் போதாது என்று இயந்திரம் சொல்லும். அதை ஈடுசெய்யும், உறையவைத்த ரத்தப் பொருளான கிரையோ ஈரோட்டிலிருந்து வந்து, உருகி, மேலே போக ஒன்றரை மணி நேரம் ஆகும். அதனால்தான் முதலில் வினைபொருள், அடுத்து ரத்தச் சேமிப்புக்கான அனுமதியும் உறைபெட்டியும், அப்புறம் இயந்திரம் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். நிர்வாகத்துக்கு இயந்திரத்தின்மேல்தான் கண். நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் உறைபெட்டியின் படத்தை யார் போடுவார்கள்?