வடசேரி சந்தை, தேரூர் குளம், மணக்குடி கடற்கரை: போனா, பிரைம் லென்ஸா, ஜூமா?

நாகர்கோவிலில் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. விடியற்காலை வடசேரி கனகமூலம் சந்தையில் வாழைக்குலை இறக்குவதை எடுத்துவிட்டு பைக்கைக் கிளப்பினால், சற்று நேரத்தில் சுசீந்திரம் குளத்துக் கரையில் நாரையை எடுக்கலாம். இன்னும் கொஞ்சம் போனால் மணக்குடி. 2019-ல் மாநகராட்சி ஆன பிறகும் இந்த ஊர் வயலையும் குளத்தையும் கடலையும் விட்டு விலகிப் போய்விடவில்லை. சிக்கலும் இதே இடத்தில்தான் வருகிறது. சந்தையில் அழகாக எடுக்கிற கேமரா குளத்தங்கரையில் கை விரிக்கும். குளத்துக்கென்று வாங்கியதைச் சந்தைக்குள் கொண்டுபோனால் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன், "சித்தப்பா, கையில கொஞ்சம் காசு சேத்து வச்சிருக்கேன். எது வாங்கட்டும்?" என்று கேட்டான். வாயால் சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிறு என்றால் கடற்கரை ஊர்களில் தொழிலுக்குப் போகமாட்டார்கள், அதனால் சனி. எடுத்துக்கொண்டவை: அவனுடைய போன், 35 மி.மீ. பிரைம் லென்ஸ் (ஜூம் ஆகாத, ஒரே நீளமுள்ள லென்ஸ்) மாட்டிய என் மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாதது), 70-300 மி.மீ. ஜூம் மாட்டிய என் பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ளது), நண்பரிடம் இரவல் வாங்கிய நிக்கான் பி950 என்கிற பிரிட்ஜ் கேமரா (லென்ஸைக் கழற்ற முடியாத, பெரிய ஜூம் உள்ள கேமரா).

சந்தைக்குள் நாங்கள் போனபோது இருட்டு விலகவில்லை. தகரக் கூரைக்குக் கீழே எல்இடி பல்புகள், அதற்கடியில் ஏத்தன், செந்துளுவன், மட்டி என்று குலை குலையாக. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தப் பல்புகளில் பல நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/500 நொடிக்குக் கொண்டுபோனால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. 1/100-ல் போதுமான வெளிச்சம் கிடைக்க வேண்டுமானால் லென்ஸ் அகலமாகத் திறக்க வேண்டும். பிரைம் லென்ஸ் இங்கேதான் ஜெயிக்கிறது. எஃப்/1.8-ல் (இந்த எண் சிறிதானால் திறப்பு பெரிது) திறந்து, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 1600-ல் நிறுத்தி, குலையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்த அண்ணாச்சியை எடுத்தேன். கழுத்து நரம்பு, தோளில் மடித்துப் போட்ட சாக்கு, குலையின் காம்பிலிருந்து சொட்டும் பால் எல்லாம் படத்தில் இருந்தன.

அதே ஆளை அவன் போனில் எடுத்தான். போன் தானாக இரவு முறைக்குப் போய், பல படங்களை அடுக்கி ஒன்றாக்கியது. நின்றுகொண்டிருந்த தூணும் தராசும் கச்சிதமாக வந்தன. நடந்துகொண்டிருந்த மனிதர் மெழுகு பூசியதுபோல் வந்தார். போன் அடுக்குகிற அந்த ஒரு நொடிக்கு யாரும் அசையக்கூடாது. சந்தையில் அசையாமல் நிற்பது யார்?

இன்னொரு விஷயம் எனக்கு அதைவிட முக்கியம். மட்டிப்பழம் விற்கும் ஆச்சி ஒருவரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுத்தோம். "எடு மக்களே, பழத்தையும் சேத்து எடு" என்றார். போனில் வந்த படத்தில் ஆச்சியின் கறுத்த முகம் இரண்டு பங்கு வெளுத்திருந்தது, சுருக்கங்கள் பாதி காணாமல் போயிருந்தன. எல்லா போனும் இப்படிச் செய்வதில்லை, அழகூட்டும் வசதியை அணைத்து வைத்தாலே பாதி சரியாகிவிடும். ஆனால் நிறைய பேர் அதை அணைப்பதே இல்லை. காலமெல்லாம் வெயிலில் உட்கார்ந்து வந்த நிறத்தை ஒரு கருவி தன் விருப்பத்துக்கு மாற்றுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. போன் வைத்திருப்பவர்கள் முதல் வேலையாக அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். உங்கள் போனில் ப்ரோ முறையும் (அமைப்புகளை நாமே வைப்பது) ரா கோப்பும் (போன் மெருகேற்றாத மூலப்படம்) இருந்தால் அதில் எடுங்கள்.

போனுக்கும் அதற்குரிய பெருமை உண்டு. ஆச்சியின் பேத்தி பக்கத்துக் கடையிலிருந்து வந்து, "எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்கண்ணே" என்று கேட்டதும் போன் படம் அந்த நிமிடமே போய்விட்டது. என் கேமரா படத்தை வீட்டுக்கு வந்து மாற்றித்தான் அனுப்பினேன். அப்புறம், போனைப் பார்த்து யாரும் நிமிர்வதில்லை. 70-300-ஐ வெளியே எடுத்ததும், "எந்த டிவி?" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். சந்தையில் அதற்கு வேலையே இல்லை. உள்ளே வைத்துவிட்டேன்.

தோவாளைப் பூச்சந்தையைப் பற்றி ஒரே வார்த்தை. அங்கே கேந்தியும் கோழிக்கொண்டையும் குவிந்திருக்கும்போது எந்தக் கேமராவானாலும் சிவப்பும் ஆரஞ்சும் அப்பிப்போய், இதழ்கள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே வண்ணக் கட்டியாக வரும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுத்தால் இதழ் பிரிந்து தெரியும். பிச்சிப்பூவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இனி குளம். சுசீந்திரம் - தேரூர் ஈரநிலத்துக்கு 2022-ல் ராம்சார் தகுதி (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்தது. அதே ஆண்டு வேம்பனூர் ஈரநிலத்துக்கும் கிடைத்தது. கன்னியாகுமரி சாலையில் பஸ்ஸில் போகிற ஆயிரக்கணக்கானோர் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு போகும் தண்ணீர் இது. சங்குவளை நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா, நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, முக்குளிப்பான். கரையிலிருந்து ஐம்பது மீட்டரில் நாரைக் கூட்டம் நின்றது.

போனில் எடுத்துப் பார்த்தான். வெள்ளைப் புள்ளிகள். விரலால் பெரிதாக்கினால் வண்ணக் கறை. அவன் முகம் வாடிவிட்டது. பிரைம் லென்ஸிலும் பறவை புள்ளிதான், ஆனால் நான் அதை இங்கே வெறுக்கவில்லை. தாமரை இலைகள், கரையோரத் தென்னைகள், பின்னால் மலை, நடுவில் சின்னதாக ஒரு கூழைக்கடா என்று எடுத்த படம் தேரூரைத் தேரூராகவே காட்டியது. பறவையை மட்டும் பெரிதாக எடுத்தால் அது எந்த ஊர்க் குளத்துப் பறவையாகவும் இருக்கலாம்.

ஆனால் பறவையின் குணம் தெரிய வேண்டுமானால் லென்ஸுக்கு நீளம் வேண்டும், மி.மீ. எண் கூடக்கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். என் டிஎஸ்எல்ஆரின் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) ஏபிஎஸ்-சி என்கிற நடுத்தர அளவு, அதனால் 300 மி.மீ. என்பது அதைவிடப் பெரிய சென்சார் உள்ள முழுச்சட்டகக் கேமராவின் 450-க்குச் சமம். பி950-யோ அதே கணக்கில் 24-லிருந்து 2000 வரை போகும், 83 மடங்கு. அவன் அதில் ஒரு நாமக்கோழியைப் பிடித்தான். நெற்றியின் வெள்ளை நாமம், சிவந்த கண், அலகிலிருந்து தொங்கிய பாசி இழை. அதைப் பார்த்ததும், "இதுவே போதும் சித்தப்பா" என்றான்.

அவசரப்படாதே என்றேன். அப்போது சூரியன் ஏறியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதே கேமராவில் எடுத்த படங்களைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். எல்லாம் பொரிபொரியாக இருந்தன. காரணம் சென்சார். பிரிட்ஜ் கேமராவின் சென்சார் சுமார் 6.2 x 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஏபிஎஸ்-சி சுமார் 23.5 x 15.6 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் பதின்மூன்று மடங்கு பரப்பு. இரண்டு லென்ஸும் முழு நீளத்தில் ஏறக்குறைய ஒரே அளவுதான் திறக்கின்றன. ஆகவே காலை ஏழு மணிக்கு முன்னால், மேகம் மூடிய நாளில், பெரிய சென்சார்தான் உங்களைக் காப்பாற்றும். குளத்தில் மென்மையான வெளிச்சமும் பறவைகளின் நல்ல அசைவும் கிடைப்பது அந்த நேரத்தில்தானே?

பறக்கும் பறவைக்கும் அப்படியே. நாரைக் கூட்டம் எழும்பியபோது டிஎஸ்எல்ஆரில் ஷட்டரை 1/1600-ல் வைத்து, கண்ணாடி வழியாகத் தொடர்ந்து போய் ஏழெட்டுப் படம் எடுத்தேன், மூன்று தேறியது. பிரிட்ஜ் கேமராவில் அவன் முழு ஜூமில் பறவையைத் தேடி முடிப்பதற்குள் கூட்டம் சுசீந்திரம் பக்கம் போய்விட்டது. ஒன்பது மணிக்குப் பிறகு இரண்டுக்கும் ஒரே கதி. தண்ணீர்மேல் சூடான காற்று நெளியும், தூரத்துப் படம் கலங்கும். என்ன விலை லென்ஸானாலும் அந்த நெளிவைத் தாண்டாது. நீண்ட லென்ஸ் வாங்கினால் சீக்கிரம் எழும் பழக்கத்தையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஆடி மாதம் இங்கே கண்டதைச் சொல்ல வேண்டும். நீளவால் இலைக்கோழி ஒன்று, தாமரை இலைமேல் குஞ்சுகளோடு நடந்தது. முட்டைமேல் உட்கார்வதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் இந்த இனத்தில் ஆண்தான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அது ஒவ்வொரு இலையாகக் கால் வைத்தபோது இலை லேசாகத் தாழ்ந்து, ஓரத்தில் தண்ணீர் ஏறி, பாதரசம்போல் உருண்டது. குஞ்சுகள் ஓடி வந்து அதன் இறக்கைக்கு அடியில் புகுந்துகொண்டன, கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. 300 மி.மீ. இருந்ததால் எழுபதடி தள்ளி உட்கார்ந்து அதைக் கெடுக்காமல் பார்க்க முடிந்தது. இன்னும் கிட்டே போய்ப் போனில் எடுக்கலாம் என்று நினைத்திருந்தால் குஞ்சுகளை விட்டு அது எழும்பியிருக்கும். நீண்ட லென்ஸுக்காக நான் பேசுவது முக்கியமாக இந்தக் காரணத்துக்காக.

மனிதர் விஷயத்தில் அதே லென்ஸை நம்புவதில்லை. அன்று கழுத்தளவு தண்ணீரில் நின்று ஒருவர் தாமரை பறித்துக்கொண்டிருந்தார். அண்ணன் மகன் ஜூமைத் திருப்பினான். கையைப் பிடித்துத் தடுத்தேன். அவர் கரையேறும்வரை காத்திருந்து, கேட்டு, பிரைம் லென்ஸில் எடுத்தோம். பூக்கட்டை மார்போடு அணைத்து நின்றார், விரல்கள் ஊறி வெளிறியிருந்தன. அந்த விரல்கள் தூரத்துப் படத்தில் வராது.

மணக்குடிக்கு வந்தபோது என் இந்தத் தீர்ப்புக்கு ஒரு விலக்கு கிடைத்தது. பழையாறு கடலில் சேருகிற இடம் இது. 2004 சுனாமியில் இங்கிருந்த பாலமே அடித்துக்கொண்டு போனது. அங்கிருந்து பள்ளம் பக்கம் போகும் கடற்கரையில் கரமடி, அதாவது கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் வலை, இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்ற மூத்தவரிடம் சொல்லிவிட்டு, கயிற்றின் கடைசிக்குப் போய் 300-ல் பார்த்தேன். நீண்ட லென்ஸ் தூரத்தைச் சுருக்கி ஆட்களை ஒருவர்மேல் ஒருவராக அடுக்கும். இருபது முதுகுகள், ஒரே சாய்வு, ஒரே கயிறு. பிரைமில் இதே காட்சி மணல்வெளியில் சிதறிய ஆட்களாக வந்தது. போனில் வானம்தான் அதிகம்.

கடற்கரையில் கருவிக்குச் சேதமும் அதிகம். போன் பெட்டியில் ஐபி68 (தண்ணீர் தாங்கும் என்பதற்கான குறி) என்று போட்டிருக்கிறதே என்று தைரியமாக அலையில் நனைக்காதீர்கள், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்புத் தூறல் பட்டால் காய்ந்த துணியால் தேய்க்கவும் கூடாது, உப்புப் பொடி கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதி, ஈரத் துணியால் ஒற்றி, பிறகு காயவிட வேண்டும். லென்ஸை மாற்றுவதாக இருந்தால் வண்டிக்குள்ளோ வீட்டுக்குள்ளோ மாற்றுங்கள், மணலில் நின்று வேண்டாம். இந்த வகையில் போனும் பிரிட்ஜும் நிம்மதி, அவற்றில் கழற்ற ஒன்றுமில்லை.

வீட்டில் இன்னொரு எதிரி பூஞ்சை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஒரு மழைக்காலம் முழுக்க என் லென்ஸ் ஒன்றைத் தோல்பையில் பூட்டி வைத்தேன். எடுத்துப் பார்த்தபோது உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோல் படர்ந்திருந்தது. சுத்தம் செய்யக் கொடுத்த கடையில் கணிசமாகப் பணம் வாங்கினார்கள், இரண்டே மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

சரி, எது வாங்கலாம்? பிரிட்ஜ் கேமராவை நான் சொல்லமாட்டேன். வெயிலில் உட்கார்ந்திருக்கும் பறவையை அடையாளம் காண அதைவிட நல்லது கிடையாது, பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் சந்தையின் இருட்டிலும் குளத்தின் விடியலிலும் அது தோற்றுப்போகிறது. பறவையில் பெரிய ஆசை இல்லை, தெருவும் திருவிழாவும் முகங்களும்தான் வேண்டும் என்றால் ஏதாவது ஒரு மிரர்லெஸ், 35 மி.மீ. பிரைம், அவ்வளவுதான். ஒரே லென்ஸோடு ஒரு வருடம் நடந்தால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பது காலுக்கே தெரிந்துவிடும். என்னிடம் இருப்பதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

அண்ணன் மகனுக்கு வேறு மாதிரி சொன்னேன். அவனிடம் ஏற்கெனவே போன் இருக்கிறது. அழகூட்டலை அணைத்துவிட்டால் பகல் வெளிச்சத்தில் தெருவுக்கு அது போதும். போன் தொடவே முடியாத இடம் குளம்தான், காசை அங்கே போடு என்றேன். பழைய ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர் ஒன்றும் 55-250 லென்ஸும் செகண்ட் ஹேண்டில் வாங்கினான். டார்ச் அடித்துப் பார்த்துத்தான் வாங்கினோம்.

இப்போது சனிக்கிழமைகளில் சந்தைக்குள் நுழையும்போது என் பிரைம் அவன் கழுத்தில் தொங்குகிறது. தேரூர்க் கரைக்குப் போனதும் அவனுடைய ஜூமை நான் வாங்கிக்கொள்கிறேன்.